பழைய கார்ல இன்டேக் மேனிஃபோல்ட் கேஸ்கெட் வீட்டுலயே மாத்துறது எப்படி

வண்டி ஐடில்ல நிக்கும்போது ஆர்பிஎம் ஏறி ஏறி இறங்குது, இல்லன்னா காரணமே இல்லாம 1500லயே நிக்குது, காலைல ஸ்டார்ட் பண்ணதும் மிஸ்ஸிங் அடிக்குது ஆனா சூடானதும் ஓரளவு அடங்கிடுது, பானெட்டைத் தூக்கிக் கேட்டா எங்கயோ ஸ்ஸ்னு காத்து இழுக்கற சத்தம் வருது. இதெல்லாம் சேர்ந்து வந்தா இன்டேக் மேனிஃபோல்ட் (காத்தைப் பிரிச்சு ஒவ்வொரு சிலிண்டருக்கும் அனுப்பற குழாய்) பேக்கிங், அதாவது கேஸ்கெட் மேல சந்தேகப்படலாம். சந்தேகம்தான் படலாம், உடனே ஸ்பேனரைத் தூக்காதீங்க.

ஏன்னா இதே அறிகுறி ஒரு வெடிச்ச வேக்கம் டியூப்லயும் வரும். என்ஜின் ஓடும்போது மேனிஃபோல்டுக்குள்ள வேக்கம், அதாவது வெளிக்காத்தை உள்ள இழுக்கற குறைஞ்ச அழுத்தம் இருக்கும், பேக்கிங் காஞ்சு சுருங்கிட்டா அந்த இடைவெளி வழியா வெளிக்காத்து உள்ள போயிடும், அந்தக் காத்து ஏர்ஃப்ளோ சென்சாரோட கணக்குல வராது, கார்புரேட்டர் வண்டின்னா கார்புரேட்டரைத் தாண்டி உள்ள போகுது, அதனால பெட்ரோல் கம்மி காத்து ஜாஸ்தின்னு கலவை ஆயிடுது. டியூப் வழியா போனாலும் பேக்கிங் வழியா போனாலும் என்ஜினுக்கு ஒண்ணுதான். அதனால பிரேக் பூஸ்டருக்குப் போற ஹோஸ், பிசிவி ஹோஸ் (என்ஜினுக்குள்ள சேர்ற ஆவியை மேனிஃபோல்டுக்குக் கொண்டுபோற குழாய்), த்ராட்டில் பாடிக்கு (ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது காத்தைத் திறந்துவிடற பாகம்) அடியில இருக்கற பேக்கிங், இதையெல்லாம் முதல்ல கையால தடவிப் பாருங்க, வளைச்சுப் பாருங்க. பழைய ரப்பர் பின்பக்கம்தான் வெடிச்சிருக்கும், மேலருந்து பார்த்தா தெரியாது.

அங்க எல்லாம் சரியா இருந்தா, என்ஜின் ஐடில்ல ஓடும்போது சோப்புத் தண்ணியை ஸ்ப்ரே பாட்டில்ல ஊத்தி மேனிஃபோல்ட் ஹெட்டோட (வால்வு எல்லாம் இருக்கற என்ஜின் மேல்பகுதி) சேர்ற கோட்டுல கொஞ்சம் கொஞ்சமா அடிச்சுட்டே வாங்க, இக்னிஷன் ஒயர், கனெக்டர் மேல படாம. லீக் இருக்கற இடத்துல தண்ணி உள்ள இழுக்கும், ஐடில் சட்டுனு மாறும். நிறைய பேர் கார்ப் கிளீனர் அடிச்சுப் பார்ப்பாங்க, வேலை செய்யும், ஆனா பக்கத்துலயே எக்ஸாஸ்ட் கொதிச்சுட்டு இருக்கும், தீப்பிடிக்கும், நான் அதைச் சொல்லித் தர மாட்டேன். ஓபிடி ஸ்கேனர் (வண்டி கம்ப்யூட்டரைப் படிக்கற கருவி) இருந்தா இன்னும் சுலபம், ஐடில்ல ஃப்யூல் ட்ரிம், அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கற சதவீதம், +15, +20ன்னு இருந்து, 2500 ஆர்பிஎம்ல ரேஸ் பண்ணிப் பிடிச்சா பூஜ்யத்துக்குப் பக்கத்துல வந்துட்டா அது வேக்கம் லீக்தான். ஏர்ஃப்ளோ சென்சார் இல்லாம, மேனிஃபோல்டுக்குள்ள அழுத்தத்தை அளக்கற மேப் சென்சார் மட்டும் இருக்கற வண்டில ட்ரிம் இவ்வளவு ஏறாது, அங்க ஐடில் மேல நிக்கறதுதான் அடையாளம். பெட்ரோல் கம்மியாவே ஓடட்டும் பரவாயில்லன்னு விட்டா எக்ஸாஸ்ட் வால்வு கருகற வரைக்கும் போகும்.

வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி உங்க என்ஜினோட சர்வீஸ் மேனுவல் கைல இருக்கணும், குறிப்பா போல்ட் டைட் பண்ற வரிசையும் டார்க் அளவும் (எவ்வளவு முறுக்கணும்ங்கற அளவு). இது இல்லாம இந்த வேலையைத் தொடவே வேண்டாம். கேஸ்கெட் வாங்கும்போதே த்ராட்டில் பாடி பேக்கிங், இஜிஆர் (புகைல கொஞ்சத்தைத் திருப்பி என்ஜினுக்குள்ள அனுப்பற அமைப்பு) பேக்கிங், இன்ஜெக்டர் ஓ-ரிங் எல்லாம் சேர்த்து வாங்கிடுங்க, பழசைத் திருப்பிப் போட்டா அது எப்ப லீக் ஆகும்னு சொல்ல முடியாது. கூடவே சின்ன அளவு காட்டற டார்க் ரென்ச், நீளமான எக்ஸ்டென்ஷன், யுனிவர்சல் ஜாயின்ட், பிளாஸ்டிக் ஸ்க்ரேப்பர், பிரேக் கிளீனர், நூல் பிரியாத துணி.

என்ஜின் நல்லா ஆறியிருக்கணும், ராத்திரி முழுக்க நின்ன வண்டின்னா ரொம்ப நல்லது. ஃப்யூல் இன்ஜெக்ஷன் வண்டின்னா ஃப்யூல் பம்ப் ஃப்யூஸைப் பிடுங்கிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க, லைன்ல இருக்கற பெட்ரோல் தீர்ந்து தானா ஆஃப் ஆயிடும், அப்புறம் பேட்டரி மைனஸைக் கழட்டுங்க. அதுக்கப்புறமும் ஃப்யூல் லைனைக் கழட்டும்போது கொஞ்சம் பெட்ரோல் வரும், துணியைச் சுத்திட்டு கழட்டுங்க, பக்கத்துல நெருப்பு எதுவும் கூடாது. நிறைய என்ஜின்ல மேனிஃபோல்ட் வழியாவோ த்ராட்டில் பாடி வழியாவோ கூலன்ட் போகும், அப்படின்னா ரேடியேட்டரை முதல்லயே வடிச்சுடுங்க.

கழட்டறது பாதி வேலைதான், ஆனா மறுபடி சேர்க்கும்போது மாட்டிக்கறதும் இங்கதான். ஒவ்வொரு ஹோஸ், ஒவ்வொரு கனெக்டர் கழட்டறதுக்கு முன்னாடியும் போன்ல படம் எடுங்க, மாஸ்கிங் டேப்ல நம்பர் எழுதி ரெண்டு பக்கமும் ஒட்டுங்க. போல்ட் எல்லாம் ஒரே நீளம் இருக்காது, அட்டைல மேனிஃபோல்ட் மாதிரி படம் போட்டு அந்தந்த எடத்துல ஓட்டை போட்டு சொருகி வைங்க. ஏர் பைப், த்ராட்டில் கேபிள், ஃப்யூல் ரெயில், இஜிஆர் பைப்னு வரிசையா எடுத்ததுக்கப்புறம் மேனிஃபோல்ட் போல்டை வெளி ஓரத்துலருந்து நடுவை நோக்கி கொஞ்சம் கொஞ்சமா லூஸ் பண்ணுங்க. துரு பிடிச்சிருந்தா முந்தின நாளே பெனட்ரேட்டிங் ஆயில் அடிச்சு ஊற விடுங்க. சில பழைய இன்லைன் (சிலிண்டர் எல்லாம் ஒரே வரிசைல இருக்கற) என்ஜின்ல இன்டேக்கும் எக்ஸாஸ்ட்டும் ஒரே பக்கம், ஒரே பேக்கிங்ல இருக்கும், அங்க எக்ஸாஸ்ட் ஸ்டட் உடையற வாய்ப்பு ஜாஸ்தி, அவசரமே படக்கூடாது.

எல்லா போல்டும் எடுத்தாச்சு ஆனா மேனிஃபோல்ட் வரலன்னா, ஸ்க்ரூடிரைவரை நடுவுல விட்டு நெம்பாதீங்க. அலுமினியம் முகத்துல, அதாவது பேக்கிங் உக்கார்ற சமதளத்துல, ஒரு கீறல் விழுந்தா புது பேக்கிங் போட்டும் அந்தக் கீறல் வழியா லீக் ஆகும். வராததுக்குக் காரணம் பெரும்பாலும் அடியில ஒரு சப்போர்ட் பிராக்கெட் போல்ட் ஒளிஞ்சிருக்கறதுதான், கண்ணாடியும் டார்ச்சும் வச்சுத் தேடுங்க. அதுவும் எடுத்தாச்சுன்னா ரப்பர் சுத்தியால லேசா தட்டுனா விட்டுடும்.

தூக்குன உடனே ஹெட்டுல இருக்கற போர்ட் (காத்து உள்ள போற ஓட்டை) எல்லாத்துலயும் சுத்தமான துணியை அடைங்க, எத்தனை துணி அடைச்சோம்னு எண்ணி எழுதி வச்சுக்கங்க. ஒரு சின்ன நட்டு உள்ள விழுந்தா ஹெட்டையே இறக்கற அளவுக்கு வேலை போயிடும்.

இப்ப வர்றதுதான் மொத்த வேலையோட உயிர். புது கேஸ்கெட் போட்டும் திரும்ப லீக் ஆகற வண்டிகள்ல அதிகமா காரணம் முகம் சுத்தமில்லாததுதான், கேஸ்கெட் மேல பழியைப் போட்டுட்டு இன்னொண்ணு வாங்கிட்டு வருவாங்க. பழைய பேக்கிங்கோட துணுக்கு ஒரு காகிதம் கனத்துக்கு ஒட்டிட்டு இருந்தாலும் அந்த இடத்துல சீல் ஆகாது. பிளாஸ்டிக் ஸ்க்ரேப்பர், கேஸ்கெட் ரிமூவர், பொறுமை, இந்த மூணு போதும். டிரில்ல மாட்டற தேய்ப்பு டிஸ்க், எமரி பேப்பர் வேண்டவே வேண்டாம், அதுலருந்து உதிர்ற தூள் அலுமினியம் ஆக்சைடு, உள்ள போய் ஆயிலோட கலந்தா பேரிங்கைத் தின்னுடும், அதுபோக முகமும் பள்ளமாயிடும். தேய்ச்சு முடிச்சதும் பிரேக் கிளீனர்ல துணியை நனைச்சுத் துடைங்க, வெள்ளைத் துணில கறை வராத வரைக்கும். விரலை வச்சுத் தடவிப் பார்த்தா கண்ணுக்குத் தெரியாதது கூட தெரியும். அப்புறம் ஒரு நேரான இரும்புப் பட்டையை முகத்து மேல குறுக்க வச்சு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கற மெல்லிய தகடு) விட்டுப் பாருங்க, மேனுவல்ல சொன்ன அளவைத் தாண்டி உள்ள போச்சுன்னா மேனிஃபோல்ட் வளைஞ்சிருக்கு, லேத்ல கொடுத்து முகம் எடுக்கணும், பிளாஸ்டிக் மேனிஃபோல்ட்னா மாத்தத்தான் வேணும்.

போல்ட் ஓட்டைல இருக்கற தண்ணி, ஆயில், அழுக்கையும் எடுத்துடுங்க. அடி மூடின ஓட்டைல தண்ணி நின்னா போல்ட் முழுசா இறங்காது, டார்க் ரென்ச் மட்டும் கிளிக் அடிச்சுடும்.

துணியெல்லாம் எண்ணி வெளிய எடுத்துட்டு புது கேஸ்கெட்டை வைங்க, போர்ட் எல்லாம் சரியா ஒத்துப் போகுதா, எந்தப் பக்கம் மேலன்னு பாருங்க. சீலன்ட் தடவணுமான்னு எல்லாரும் கேப்பாங்க, மேனுவல் சொல்லாத வரைக்கும் வேண்டாம், ரப்பர் கோட்டிங் இருக்கற கேஸ்கெட் காஞ்ச முகத்துலதான் உக்காரணும், சீலன்ட் போட்டா வழுக்கிட்டுப் போயிடும். சில வி டைப் (சிலிண்டர் V மாதிரி ரெண்டு வரிசையா இருக்கற) என்ஜின்ல நாலு மூலைல மட்டும் ஒரு சொட்டு ஆர்டிவி (சிலிக்கான் சீலன்ட்) வைக்கச் சொல்லியிருப்பாங்க, அங்க மட்டும் வைங்க.

மேனிஃபோல்டை நேரா இறக்குங்க, பக்கவாட்டுல இழுக்காதீங்க. எல்லா போல்டையும் கையால ரெண்டு மூணு மரை ஏத்துனதுக்கு அப்புறம்தான் ஸ்பேனர், அலுமினியத்துல மரை போச்சுன்னா அது தனி வேலை. நடுவுலருந்து ஆரம்பிச்சு மாத்தி மாத்தி வெளியே போகணும், மொத்த டார்க்கையும் ஒரே தடவைல கொடுக்காம ரெண்டு மூணு சுத்துல ஏத்துங்க. அளவோட யூனிட்டை ரெண்டு தடவை படிங்க, நியூட்டன் மீட்டரா, ஃபுட் பவுண்டா, இன்ச் பவுண்டான்னு. 1 ஃபுட் பவுண்ட் 12 இன்ச் பவுண்ட், அதே சமயம் சுமார் 1.36 நியூட்டன் மீட்டர், மாத்திப் படிச்சா போல்ட் உடையும் இல்லன்னா பிளாஸ்டிக் வெடிக்கும்.

இன்ஜெக்டர் ஓ-ரிங்ல சுத்தமான என்ஜின் ஆயில் லேசா தடவி சொருகுங்க, காஞ்சு சொருகுனா ரப்பர் கிழியும். மிச்சதெல்லாம் படத்தைப் பார்த்து மாட்டுங்க, ஃப்யூஸையும் பேட்டரியையும் மாட்டி, ஸ்டார்ட் பண்ணாம சாவியை மட்டும் ரெண்டு மூணு தடவை ஆன் பண்ணி பெட்ரோல் எங்கயாவது கசியுதான்னு முகர்ந்தும் பாருங்க பார்த்தும் பாருங்க. கூலன்ட் ஊத்தி, அதுக்குள்ள மாட்டின காத்தை வெளியேத்துங்க. வி என்ஜின்ல மேனிஃபோல்டைத் தூக்கும்போது கூலன்ட் கொஞ்சம் உள்ள ஆயில்ல விழுந்திருக்கலாம், அதனால ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே ஆயிலும் ஃபில்டரும் மாத்திடுங்க, இதை விட்டுடாதீங்க.

ஸ்டார்ட் ஆனதும் முதல்ல கொஞ்ச நேரம் ஐடில் முன்னபின்ன இருக்கலாம், பேட்டரி கழட்டுனதால கம்ப்யூட்டர் மறுபடி கத்துக்கும். என்ஜின் சூடாகி ஃபேன் ஒரு தடவை ஓடற வரைக்கும் பக்கத்துலயே நில்லுங்க. சூடா இருக்கும்போது போல்டை டைட் பண்ணாதீங்க. மறுநாள் காலைல ஆறின வண்டில கூலன்ட் லெவல் இறங்கியிருக்கான்னு பாருங்க, அதே சோப்புத் தண்ணியை அதே கோட்டுல இன்னொரு தடவை அடிங்க, ஐடில் அசையலன்னா ஏர் பைப் கிளாம்ப் எல்லாம் கடைசியா ஒருமுறை பார்த்துட்டு பானெட்டை மூடலாம்.