கூகுள் உங்கள் இருப்பிடத்தைச் சேமிக்காமல் இருக்க: ஒரு பட்டனை அணைத்தால் போதாது

இருப்பிட வரலாற்றை அணைத்துவிட்டால் நாம் போய்வரும் இடமெல்லாம் கூகுளிடம் பதிவாகாது என்றுதான் பலரும் நம்பியிருந்தார்கள். அணைத்த பிறகும் வேறொரு அமைப்பின் வழியாக அது பதிவாகிறது என்று 2018-ல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் வெளிக்கொண்டுவந்தது. கடைசியில் 2022-ல், இதை விசாரித்த அமெரிக்காவின் 40 மாநிலங்களுக்கு 39.15 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டு கூகுள் விவகாரத்தை முடித்துக்கொண்டது.

அந்த இன்னொரு அமைப்பின் பெயர் 'இணையம் & ஆப்ஸ் செயல்பாடு'. அதிலிருந்தே தொடங்கலாம்.

படி 1: ஜிமெயிலைத் திறந்து, மேலே வலது மூலையில் உள்ள உங்கள் படத்தைத் தட்டுங்கள். கூகுள் கணக்கு, அப்புறம் 'தரவு & தனியுரிமை'. கொஞ்சம் கீழே போனால் இந்தப் பெயர் கண்ணில் படும். (போனைப் பொறுத்து பெயர்கள் சற்று மாறலாம்.)

படி 2: உடனே அணைத்துவிடாதீர்கள். அங்கே சேர்ந்திருக்கும் பட்டியலை முதலில் ஐந்து நிமிடம் பாருங்கள். நள்ளிரவில் தூக்கம் வராமல் தேடிய நோயின் பெயர், வழி கேட்ட முகவரி, திறந்த ஆப் என எல்லாமே நாள், நேரத்தோடு வரிசையாக நிற்கும். வீட்டாரிடம்கூடச் சொல்லாத கவலை ஒரு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. இது சாதாரண விஷயம் இல்லை.

படி 3: இப்போது அணையுங்கள். இரண்டு வழிகள் காட்டும். வெறுமனே அணைத்தால் பழைய பதிவுகள் அப்படியே இருக்கும். 'அணைத்துவிட்டு நீக்கு' என்பதைத் தேர்ந்தெடுங்கள். முழுதாக அணைக்க மனமில்லையா? சரி, தானாக நீக்கும் வசதியில் 3, 18, 36 மாதம் என்று கெடு இருக்கும். 3 மாதம் வையுங்கள்.

படி 4: அதே பக்கத்தில் 'டைம்லைன்' (இருப்பிட வரலாற்றின் இப்போதைய பெயர்), யூடியூப் வரலாறு இரண்டையும் இப்படியே முடித்துவிடுங்கள்.

படி 5: விளம்பர ஐடி. வெவ்வேறு ஆப்களில் உலவுவது ஒரே ஆள்தான் என்று கண்டுகொள்ள விளம்பர நிறுவனங்களுக்கு உதவும் அடையாளம் இது. ஆண்ட்ராய்டு போனின் அமைப்புகளில் 'விளம்பரங்கள்' என்று தேடி, அதை நீக்குங்கள். ஐபோனில் தனியுரிமைப் பகுதிக்குள் 'டிராக்கிங்' இருக்கும். ஆப்கள் அனுமதி கேட்பதையே அங்கு தடுத்துவிடலாம்.

இவ்வளவு செய்தாலும் இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரியை வைத்து ஏறக்குறைய எந்தப் பகுதியில் இருக்கிறீர்கள் என்று கணிக்க முடியும். ஆனால் தெருத் தெருவாக நீங்கள் நடந்த வரலாறு கணக்கில் சேராது.

போனில் இரண்டாவது கூகுள் கணக்கு இருந்தால் முதல் நான்கு படிகளை அதற்கும் தனியாகச் செய்ய வேண்டும்.