பாம்பன் பிள்ளைக்குத் தீவைப் புரியவைப்பது எப்படி?

என் தங்கை மகள் ராமேஸ்வரம் தீவில் இருக்கிற பாம்பனில் நாலாவது படிக்கிறாள். தீவு என்றால் என்ன என்று கேட்டால் 'நான்கு புறமும் நீரால் சூழப்பட்ட நிலப்பகுதி' என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பாள். சரி, நீ இருக்கிற ஊர் தீவா என்றேன். "இல்ல மாமா, இங்கதான் ரயிலே வருதே. குருசடைத் தீவுதான் தீவு, பேர்லயே இருக்கு."

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. கீல், பேட்டர்மன் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 1984-லேயே 'தீவு' என்ற இதே சொல்லை வைத்துப் பிள்ளைகளைக் கேட்டிருக்கிறார்கள். மூன்று பக்கம்தான் தண்ணீர், ஆனால் தென்னை மரம், நல்ல வெயில் என்றால் சின்னப் பிள்ளைகள் தீவு என்றார்கள்; சுற்றிலும் தண்ணீர், ஆனால் பனியும் மாடிக் கட்டடமும் என்றால் இல்லை என்றார்கள்.

அதனால் விளக்கத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். பார்வைக்குச் சம்பந்தமே இல்லாத இரண்டு உதாரணங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஆளில்லாத குருசடைக்கும் கடைத்தெருவும் பள்ளிக்கூடமும் உள்ள பாம்பனுக்கும் என்ன ஒற்றுமை என்று கேளுங்கள், கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள் (இதுதான் கஷ்டம்). இவள் முதலில் மீன் என்றாள், அப்புறம் மணல், கடைசியில் "பாலம் இல்லாட்டி ரெண்டுக்கும் படகுலதான் போகணும்".

உடனே பாலத்துக்கு அந்தப் பக்கம், கரையில் இருக்கிற மண்டபம் ஊரைக் கொண்டுவாருங்கள். அதே மணல், அதே பனை, வடக்கேயும் தெற்கேயும் கடல், ஆனால் ராமநாதபுரத்துக்கு நடந்தே போய்விடலாம். மற்ற எல்லாம் ஒத்துப்போய், முக்கியமான ஒன்று மட்டும் மாறுகிற எதிர் உதாரணம்தான் வேலை செய்யும். சென்னையைக் காட்டிப் பயனில்லை. 1914-ல் ரயில் பாலம் வந்ததும் பாம்பன் தீவு இல்லை என்றாகிவிட்டதா என்றும் சண்டை போட விடுங்கள்.

கண்ணால் பார்க்க முடியாத 'கடன்' மாதிரி விஷயத்துக்கும் இதே வழிதான். பக்கத்து வீட்டில் வாங்கிய ஒரு டம்ளர் சீனி, நகையை வைத்து எடுத்த பணம், பிறந்தநாளுக்கு வந்த சட்டை எல்லாவற்றையும் கலந்து கேளுங்கள், வகை வகையாக அடுக்காதீர்கள். கோர்னல், பியார்க் இருவரும் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், பல ஓவியர்களின் படங்களைக் கலந்து பார்த்தவர்கள்தான் யார் பாணி எது என்று நன்றாகக் கண்டுபிடித்தார்கள், ஆனால் பெரும்பாலோர் ஒவ்வொருவராகப் பார்த்ததே மேல் என்று நம்பினார்கள். மொய் கடனா என்பதைக் கடைசிக்கு வையுங்கள், எங்கள் வீட்டில் பெரியவர்களுக்கே இன்னும் தீரவில்லை.

புரிந்ததா என்று பார்க்க, சொல்லித்தராத ஒன்றைக் கேட்க வேண்டும். இலங்கை என்றேன்.

"அது நாடுல்ல?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ரெண்டுமா இருக்கலாமா மாமா?"