ஆட்டிசம் என்ற பெயரை எங்கே சொல்வது, எங்கே விடுவது: செட்டிநாட்டுக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு பிள்ளைக்கு ஆட்டிசம் இருக்கிறது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த நாளிலிருந்து காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துக் குடும்பங்களில் பெரும்பாலும் இரண்டு விதமான பேச்சு எழும். பெயர் வைத்துவிட்டால் பிள்ளையை ஒதுக்கிவிடுவார்கள், வெளியே சொல்லக் கூடாது என்பார் ஒருவர். பெயர் இல்லாமல் பள்ளியிலும் அலுவலகத்திலும் ஒரு காரியமும் நடக்காது என்பார் இன்னொருவர். இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆட்டிசம் உள்ளவர், இல்லாதவர் என்று பிரித்துச் சொல்வது உதவுமா, பிளவை உண்டாக்குமா என்பது, யாரிடம், எதற்காக, யாருடைய சம்மதத்தோடு சொல்கிறோம் என்பதைப் பொறுத்தே அமையும் என்பது என் உறுதியான கருத்து. அந்த முடிவை ஒவ்வோர் இடத்திலும் எப்படி எடுப்பது என்பதை இங்கே எழுதுகிறேன்.

பெயரைச் சொல்லும் முன் உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இதைக் கேட்கப் போகிறவர் பிள்ளையிடம் வேறு விதமாக நடந்துகொள்ள வேண்டியிருக்கிறதா? வகுப்பாசிரியர், பல் மருத்துவர், பள்ளி வேன் ஓட்டுநர், கோடை விடுமுறையில் பிள்ளையை வைத்துக்கொள்ளும் ஆயாவும் ஐயாவும் (பாட்டி, தாத்தா) என்றால் விடை ஆம். அவர்களிடம் பெயரைச் சொல்லும்போதே என்ன செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். பேருந்தில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து விசாரிப்பவருக்கு விளக்கம் தர வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. பெயர் மட்டும் போய்ச் சேர்ந்து, செய்ய வேண்டியது போய்ச் சேராமல் நின்றுவிட்டால், கேட்டவர் தாம் எங்கோ பார்த்த, கேள்விப்பட்ட ஏதோ ஒரு பிள்ளையை மனத்தில் வைத்துக்கொண்டு உங்கள் பிள்ளையைப் பார்க்கத் தொடங்குவார். மிக்ஸிச் சத்தம் அவனுக்குத் தாங்காது என்பதோ, கேட்ட கேள்விக்குப் பதில் வரச் சற்று நேரம் ஆகும் என்பதோ ஆட்டிசம் என்ற ஒற்றைச் சொல்லைக் கேட்டு யாருக்கும் தெரிந்துவிடாது.

அரசு அலுவலகத்தில் இந்தத் தயக்கம் எதுவும் வேண்டாம். அங்கே பெயரைத் தெளிவாகச் சொல்லி, தாளில் வாங்கிக்கொள்ளுங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்தவர்கள் சிவகங்கையிலும், பொன்னமராவதி, இராயவரம் பக்கத்தவர்கள் புதுக்கோட்டையிலும் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகி, சான்றிதழுக்கும் யூடிஐடி (மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள எண்) அட்டைக்கும் வழி கேட்கலாம். குறைபாட்டு அளவு 40 விழுக்காடும் அதற்கு மேலும் என்று சான்று கிடைத்தால், 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி, அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 விழுக்காடு இடம், அரசு வேலைகளில் ஆட்டிசம் உள்ளிட்ட சில வகையினர் பகிர்ந்துகொள்ளும் 1 விழுக்காடு ஒதுக்கீடு ஆகியவற்றுக்குச் சட்டப்படி வாய்ப்பு உண்டு. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா திட்டத்தில் 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடும் இருக்கிறது. அக்கம்பக்கத்தார் என்ன நினைப்பார்களோ என்று இவற்றையெல்லாம் விட்டுவிடும் பெற்றோரைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. அந்த இழப்பு முழுவதும் பிள்ளையின் தலையில் விழுகிறது.

ஆனால் சான்றிதழில் இருக்கும் கோடு எப்படிப் போடப்பட்டது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். இதற்கெனப் பயன்பட்டு வரும் இந்திய மதிப்பீட்டு அளவுகோலில் 40 கூறுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 70-க்குக் கீழே என்றால் ஆட்டிசம் இல்லை, 70 முதல் 106 வரை லேசானது, 153-க்கு மேல் தீவிரமானது என்று கணக்கு. 68 வாங்கிய பிள்ளைக்கும் 72 வாங்கிய பிள்ளைக்கும் வீட்டில் பெரிய வேறுபாடு இருக்காது. உதவியை எங்கிருந்து தொடங்குவது என்று அலுவலகத்துக்கு ஓர் எல்லை வேண்டியிருக்கிறது, அதற்காக வரைந்த கோடு அது. மனிதர்களை இரண்டு இனமாகப் பிரிக்கும் ஆதாரமாக அதை யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கோடு காலத்துக்குக் காலம் நகர்ந்தும் இருக்கிறது. குழந்தை மனநல மருத்துவர் லியோ கன்னர் 1943-இல் விவரித்த பிள்ளைகளைவிடப் பல மடங்கு விரிந்த கூட்டத்தை இன்றைய வரையறை உள்ளடக்குகிறது. ஆஸ்பெர்ஜர் என்று தனியாக வழங்கிய பெயரை அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 2013-இல் ஆட்டிசத்துக்குள்ளேயே சேர்த்துவிட்டது. பழைய அறிக்கையில் அந்தப் பெயர் இருந்தால் அறிக்கை தவறு என்று பொருளில்லை.

பள்ளியில் வகுப்பாசிரியருக்கு ஒரே ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். முதல் வரியில் ஆட்டிசம் என்று எழுதிவிட்டு, எஞ்சிய வரிகள் எல்லாவற்றிலும் பிள்ளைக்கு எது கடினம், எது அமைதி தரும், கலங்கிப் போனால் எங்கே உட்கார வைக்க வேண்டும் என்பவற்றை எழுதுங்கள். பொதுத்தேர்வு நெருங்கும்போது சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்கு முறையான விண்ணப்பம் போக வேண்டியிருப்பதால், தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. வகுப்புப் பிள்ளைகளிடம் பெயரைச் சொல்லலாமா என்றால், உங்கள் பிள்ளை கேட்டுக்கொண்டால் மட்டும் சொல்லலாம் என்பேன்.

விசேஷ வீடுகள்தான் நம் பக்கத்தில் உண்மையான சோதனை. கல்யாணம், அறுபதாம் கல்யாணம், முன்னோருக்குப் படையலிடும் படைப்பு என்று எது வந்தாலும் வளவு நிறையப் பங்காளிகளும் தாயபிள்ளைகளும் கூடிவிடுவார்கள். உயர்ந்த கூரையும் கல்தரையும் ஒவ்வொரு குரலையும் திருப்பி அடிக்கும். அதற்கு மேல் நாதஸ்வரம், தவில், வாசலில் வெடி. இந்த நேரத்தில் இரண்டாங்கட்டு ஓரமாக ஒரு பையன் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஆத்தங்குடிக் கல்லில் கன்னத்தைப் பதித்துப் படுத்தபடி, கல்லில் இருக்கும் பூவின் விளிம்பை விரலால் சுற்றிச் சுற்றி வரைந்துகொண்டிருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருகிறவர்கள் எல்லாரும் எழுப்பப் பார்ப்பார்கள். அப்போது மருத்துவப் பெயரைத் தொடங்கி விளக்கம் சொல்ல அம்மாவுக்கு நேரமும் இருக்காது, மனமும் இருக்காது. "அப்பத்தா, இவனுக்குக் கூட்டத்துச் சத்தம் தாங்காது, இந்தக் கல்லுக் குளிர்ச்சியிலே தானா அடங்கிருவான், கொஞ்ச நேரம் யாரும் தூக்காம பார்த்துக்கங்க" என்று அங்கே இருப்பவர்களில் மூத்தவரிடம் சொல்லிவிடுங்கள். மூத்த ஆச்சி ஒருவர் காவலுக்கு உட்கார்ந்துவிட்டால் மற்றவர்களுக்கு நீங்கள் தனித்தனியாக விளக்க வேண்டியிருக்காது. விசேஷத்துக்கு முந்தைய நாளே அந்த வீட்டுக்குப் போய், எந்த அறையில் பிள்ளை ஒதுங்கலாம் என்று அவனுக்கே காட்டி வைப்பதும், பந்தியில் முதல் வரிசையிலேயே சாப்பிட வைத்துவிடுவதும் உதவும். மொய் எழுதும் வரை இருந்தே ஆக வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்தாதீர்கள்.

கடினமான இடம் ஒன்று உண்டு. அக்காவைப் பெண் பார்க்க வருகிற நாளில் தம்பியைப் பின்கட்டுக்கு அனுப்பிவிடுவது, சம்பந்தம் பேசி முடிக்கும் வரை அவன் பெயரையே எடுக்காமல் இருப்பது ஆகியவை நடக்கத்தான் செய்கின்றன. அந்தப் பெற்றோரின் பயம் எனக்குப் புரிகிறது. ஆட்டிசத்தில் மரபுக்குப் பங்கு உண்டு என்பதும் உண்மையே. ஆனாலும் மறைப்பதை நான் ஏற்கவில்லை. தான் ஒளித்து வைக்கப்பட வேண்டியவன் என்பதை அந்தப் பிள்ளை, பேச்சு வராத பிள்ளையாக இருந்தாலும், அறிந்துகொள்கிறான். சம்பந்தப் பேச்சு உறுதியாகும் முன்பே, அக்காவின் சம்மதத்தோடு, "என் மகனுக்கு ஆட்டிசம் இருக்கிறது, எங்களோடு இருப்பான், அவனுக்கு இன்ன இன்ன ஏற்பாடு செய்திருக்கிறோம்" என்று பெரியவர்களிடம் நேராகச் சொல்லுங்கள். இதைக் கேட்டு விலகும் வீட்டில் அந்தப் பெண் நிம்மதியாக வாழ்ந்திருக்கவும் முடியாது. தாயின் வளர்ப்பில் குறை என்று யாராவது தொடங்கினால் உடனே மறுத்துவிடுங்கள். தாயின் பாசக்குறைவால் ஆட்டிசம் வருகிறது என்று ஒரு காலத்தில் மேலை நாட்டு மருத்துவர்கள் சிலரே சொன்னார்கள், அந்தக் கருத்து பிழை என்று எப்போதோ கைவிடப்பட்டுவிட்டது.

பிள்ளையிடம் எப்போது சொல்வது? தான் மற்றவர்களைப் போல இல்லையே என்று அவன் கேட்கவோ காட்டவோ தொடங்கும்போது சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால், "மக்கு", "திமிர் பிடித்தவன்" என்று பிறர் வைக்கும் பெயர்களை அவன் தனக்கு எடுத்துக்கொள்வான். இவற்றோடு ஒப்பிட்டால் ஆட்டிசம் என்பது எவ்வளவோ நேர்மையான பெயர்.

அப்படிச் சொல்லும்போது எதிர்ப்பக்கத்துக்கும் நேரான பெயர் கொடுங்கள். "உனக்கு ஆட்டிசம், உன் தங்கை நார்மல்" என்று சொன்னால் பிளவு அந்த வாக்கியத்திலேயே வந்துவிடுகிறது. "உனக்கு ஆட்டிசம் இருக்கிறது, தங்கைக்கு இல்லை; அவள் முகத்தைப் பார்த்துப் பேசுவாள், நீ காதால் கேட்டுப் பேசுவாய்" என்று சொன்னால் இருவரும் ஒரே உயரத்தில் நிற்கிறார்கள். இதற்கு ஆய்விலும் ஆதரவு உண்டு. தாமே ஆட்டிசம் உள்ளவரான டேமியன் மில்டன், புரிந்துகொள்ளத் தவறுவது இரு பக்கத்திலும் நிகழ்கிறது என்று 2012-இல் எழுதினார். பிரிட்டனில் நடந்து 2020-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒருவர் அடுத்தவருக்குச் செய்தி சொல்லிக்கொண்டே போகும் சங்கிலியில் ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்தபோதும், இல்லாதவர்கள் மட்டும் இருந்தபோதும் செய்தி ஒரே அளவு நன்றாகப் போய்ச் சேர்ந்தது. இருவரும் கலந்த சங்கிலியில்தான் அதிகம் தேய்ந்தது. ஆகவே வீட்டில் ஆட்டிசம் இல்லாதவர்களுக்கும் பழகிக்கொள்ள வேண்டிய பாடம் இருக்கிறது, எல்லாப் பயிற்சியையும் பிள்ளையின் மீதே சுமத்துவது நியாயமாகாது.

ஒரே பெயருக்குள் அடங்குபவர்களுக்கு இடையே உள்ள தூரத்தையும் மறந்துவிடக் கூடாது. மென்பொருள் வேலைக்குப் போகிறவருக்கும், குளிக்கவும் உண்ணவும் வாழ்நாள் முழுவதும் துணை வேண்டியவருக்கும் சான்றிதழில் இருப்பது ஒரே சொல். ஆட்டிசம் ஒரு வேறுபாடு மட்டுமே என்று வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் சொல்லும்போது, இரவெல்லாம் உறங்காத மகனோடு விழித்திருக்கும் தாய்க்குக் கோபம் வருவது இயல்பு. அந்தத் தாயின் முன் வாதம் செய்யாமல், அன்று இரவு யார் விழித்திருப்பது என்று கேளுங்கள். "லேசான ஆட்டிசம்" என்று சொல்வதிலும் கவனம் வேண்டும். பார்ப்பவர்களுக்கு லேசாகத் தெரிவது பல நேரங்களில் அவர் பகல் முழுவதும் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குவதால்தான்.

18 வயது நிறைந்ததும் இந்தப் பெயரைச் சொல்லும் உரிமை உங்களிடமிருந்து அவரிடம் போய்விடுகிறது. தாமே முடிவெடுக்க இயலாதவருக்கு, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துச் சட்டப்படி காப்பாளர் நியமனம் பெறலாம். தாமே முடிவெடுக்கக் கூடியவர்களிடம், வேலைக்கு விண்ணப்பிக்கும்போது சான்றிதழை இணைக்கலாமா, நண்பர்களிடம் சொல்லலாமா, தம்மை எப்படிக் குறிப்பிட வேண்டும் என்று ஒவ்வொன்றையும் கேட்டுச் செய்யுங்கள். பேச்சு வராதவராக இருந்தால் படம் காட்டியோ, எழுதிக் காட்டியோ, தட்டச்சு செய்ய வைத்தோ கேட்கலாம். வேண்டாம் என்று அவர் சொன்னால் சான்றிதழை இரும்புப் பெட்டியில் பத்திரமாக வைத்துவிட்டு, அவராகக் கேட்கும்போது எடுத்துக் கொடுங்கள்.