60 ஏக்கர் ஏரி 60 சென்ட் ஆன கதை

கொடைக்கானல் ஏரி சுமார் 60 ஏக்கர். அதைக் கட்டத்தாளில் வரைந்து எண்ணிய என் அக்கா மகனுக்கு வந்த விடை கிட்டத்தட்ட 60 சென்ட். 1863-இல் மதுரை கலெக்டர் லெவிஞ்ச் உருவாக்கிய ஏரியில், நாலு காட்டேஜுக்கும் ஒரு பார்க்கிங்குக்கும் போதுமான இடத்தைத்தான் அவன் மிச்சம் வைத்திருந்தான்.

எண்ணியதில் தப்பில்லை. 1 செ.மீ. என்றால் தரையில் 100 மீட்டர். மொத்தம் 24 கட்டம். அதை 100-ஆல் பெருக்கி 2,400 சதுர மீட்டர் என்று எழுதிவிட்டான். ஒரு கட்டத்துக்கு நீளமும் 100, அகலமும் 100. அப்படியானால் ஒரு கட்டம் 10,000 சதுர மீட்டர், அதாவது ஒரு ஹெக்டேர். 24 ஹெக்டேர் என்பது ஏறக்குறைய 60 ஏக்கர். 100 சென்ட் ஓர் ஏக்கர் இல்லையா? ஒரு நூறை விட்டதில் ஏக்கர் அப்படியே சென்ட்டாகச் சுருங்கிவிட்டது. நான் பார்த்தவரை, பெரியவர்களும் அதிகம் சறுக்குவது இங்கேதான். அரை செ.மீ. கட்டத்துக்கு மாறும்போதும் இதே கதை: ஒரு சதுர செ.மீ.-க்குள் அடங்குவது இரண்டு கட்டமல்ல, நான்கு.

அடுத்தது ஓரக் கட்டங்கள். பாதிக்கு மேல் நிரம்பினால் ஒன்று, சரிபாதி என்றால் அரை, பாதிக்குக் குறைந்தால் விட்டுவிடு என்பது பள்ளியில் சொல்லித்தரும் வழி. சிலர் கோடு தொட்ட கட்டத்தையெல்லாம் சேர்த்துவிடுவார்கள். சிலர் முழுக் கட்டத்தை மட்டும் எண்ணுவார்கள். உண்மை இரண்டுக்கும் நடுவில் இருக்கும். வட்டமான குளம் என்றால், விட்டதும் சேர்த்ததும் ஓரளவு ஈடாகிவிடும். நம் ஏரி நட்சத்திரம் மாதிரி கை நீட்டிக் கிடக்கிறது. ஒடுங்கிய கை எந்தக் கட்டத்திலும் பாதியை நிரப்பாமல் போனால், அந்தக் கை முழுக்கக் கணக்கிலிருந்து காணாமல் போகும். அங்கே விதியைக் குறை சொல்லிப் பயனில்லை. கட்டத்தைச் சிறிதாக்க வேண்டும்.

சுற்றளவைப் பார்த்துப் பரப்பை ஊகிப்பதும் வேண்டாம். ஏரியைச் சுற்றிய சாலை சுமார் 5 கி.மீ. அதே 5 கி.மீ. சுற்றளவில் ஒரு வட்டம் போட்டால் அதன் பரப்பு 199 ஹெக்டேர் வரும், ஏரியைப்போல எட்டு மடங்கு!

விடையில் 'சதுர' என்ற சொல்லை விடுவது சின்னப் பிழை. ஆனால் மார்க் போகும்.

மலையில் மட்டும் கூடுதலாக ஒரு வம்பு உண்டு. பூம்பாறைப் பக்கம் பூண்டு போடும் சரிவில் டேப்பைத் தரையோடு தரையாக விரித்து, 30-க்கு 30 மீட்டர், ஆக 900 சதுர மீட்டர், 22 சென்ட் என்பார்கள். 30 டிகிரி சரிவில் மேலிருந்து கீழே 30 மீட்டர் இறங்கினால், மட்டத்தில் கடந்த தூரம் 26 மீட்டர்தான். வரைபடக் கட்டம் காட்டுவது மட்டத்துப் பரப்பை. அந்தக் கணக்கில் இடம் 19 சென்ட் சொச்சம். மூன்று சென்ட்டை யாரும் திருடவில்லை. செங்குத்தான இடத்தில் டேப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக, படி இறங்குவதுபோல் மட்டம் பார்த்துப் பிடித்து அளப்பது இதற்காகத்தான்.