குரூப் வந்தால்தான் ஆள் வருவார்: ஓபன் சோர்ஸ் சாட் செயலிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிரலை யாரும் பார்க்கவும் மாற்றவும் முடிகிற ஓபன் சோர்ஸ் உலகில் சாட் மென்பொருளுக்குப் பஞ்சமே இல்லை. ஐஆர்சி 1988-லேயே ஃபின்லாந்தில் பிறந்துவிட்டது. பின்னாளில் எக்ஸ்எம்பிபி என்று பெயர் மாறிய ஜாபர் 1999-இல் வந்தது, மேட்ரிக்ஸ் 2014-இல். இவை மூன்றும் தனிச் செயலிகள் அல்ல, யார் வேண்டுமானாலும் சர்வரும் செயலியும் கட்டிக்கொள்ளக்கூடிய விதிமுறைகள். இவை போக சிக்னல், ஜூலிப், மேட்டர்மோஸ்ட், ராக்கெட் சாட், டெல்டா சாட் என்று பட்டியல் நீளும். இத்தனை இருந்தும் அபார்ட்மென்ட் சங்கம், பள்ளிப் பெற்றோர், திருவிழா கமிட்டி என்று எந்த குரூப்பை எடுத்தாலும் வாட்ஸ்ஆப்பில்தான் இருக்கிறது.

தொழில்நுட்பம் போதவில்லை என்று சொல்ல முடியாது. வாட்ஸ்ஆப்பின் சர்வரே ஈஜாபர்டி என்ற ஓபன் சோர்ஸ் எக்ஸ்எம்பிபி சர்வரை எடுத்து மாற்றிக் கட்டியதுதான். 2016-இல் எல்லாருக்கும் வந்த அதன் என்கிரிப்ஷனும் (நடுவில் யாரும் படிக்க முடியாதபடி செய்தியைப் பூட்டுவது) சிக்னல்காரர்கள் எழுதிய முறைதான். சரக்கு ஓபன் சோர்ஸ்காரர்களான நம்முடையது, கூட்டம் அவர்களுடையது. விளம்பரத்துக்குப் பணம் இல்லை என்பது வழக்கமாகச் சொல்லும் சமாதானம். பாதி உண்மை. மீதிப் பாதி வடிவமைப்பில் இருக்கிறது.

அடிப்படைத் தவறு ஒன்று உண்டு, மற்றவை பெரும்பாலும் அதிலிருந்து கிளைத்தவை. சாட் செயலியைத் தனி ஆள் தேர்ந்தெடுப்பதாக நினைத்துக்கொண்டு வடிவமைக்கிறோம். தேர்ந்தெடுப்பது குரூப். நாற்பது பேர் உள்ள சங்கத்தில் மூன்று பேரால் சேர முடியவில்லை என்றால், சேர்ந்த முப்பத்தேழு பேரும் அந்த மூவருக்காகப் பழைய இடத்துக்கே திரும்புவார்கள். 2021 ஜனவரியில் வாட்ஸ்ஆப்பின் புதிய தனியுரிமைக் கொள்கை கிளப்பிய பயத்தில் உலகம் முழுக்க லட்சக்கணக்கானோர் சிக்னலை இறக்கினார்கள். அந்த மாதம் 15-ஆம் தேதி கூட்டம் தாங்காமல் சிக்னல் சர்வரே படுத்துவிட்டது. ஆள் வந்தார், குரூப் வரவில்லை. அதனால் வந்தவர்களில் பலர் தங்கவும் இல்லை. ஆக, செயலியின் கதியைத் தீர்மானிப்பவர் குரூப்பில் கடைசியாகச் சேரப் போகிறவர். அவரிடம் பழைய போன் இருக்கும், ஸ்டோரேஜ் நிரம்பியிருக்கும், பொறுமை கொஞ்சம்தான் இருக்கும்.

வாசலிலேயே கேள்வித்தாள்

அவர் செயலியைத் திறந்ததும் 'உங்கள் சர்வரைத் தேர்ந்தெடுங்கள்' என்று கேட்டால் கதை அங்கேயே முடிந்தது. பல சர்வர்கள் இருப்பதுதான் நமக்குப் பெருமை, அதனால் முதல் திரையிலேயே அதைக் காட்டத் துடிக்கிறோம். எக்ஸ்எம்பிபியில் இன்னும் மோசம். எந்த சர்வர் என்பதற்கு முன்பே எந்தச் செயலி என்று தீர்மானிக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் கான்வர்சேஷன்ஸ், கம்ப்யூட்டரில் காஜிம், ஐபோனில் மோனல். ஒன்றில் இருக்கும் வசதி இன்னொன்றில் இருக்குமா என்பது இரண்டையும் நிறுவிப் பார்த்தால்தான் தெரியும்.

பல சர்வர்களில் ஓடும் சமூக வலைத்தளமான மாஸ்டடான் குரூப் சாட் இல்லை என்றாலும் இந்தப் பாடம் அங்கிருந்துதான் தெளிவாகக் கிடைக்கிறது. சேர வருகிறவர்களை வருடக்கணக்கில் சர்வர் பட்டியலின் முன் நிறுத்திய அவர்கள், 2023 மே மாதம் மனம் மாறி, யோசிக்காமல் பொத்தானைத் தட்டுகிறவர் தங்கள் சொந்த சர்வரிலேயே சேரும்படி செய்தார்கள். வேறு சர்வர் வேண்டும் என்பவருக்கு அந்த வழி பக்கத்திலேயே இருந்தது. பரவலாக்கத்துக்கு, அதாவது எல்லாரும் ஒரே சர்வரில் குவியாமல் இருப்பதற்குத் துரோகம் என்று சிலர் கொதித்தார்கள். உள்ளே வராதவருக்குப் பரவலாக்கம் எதற்கு?

குரூப் சாட்டுக்கு இதைவிட நல்ல வழி இருக்கிறது. புதியவர் பெரும்பாலும் யாரோ அனுப்பிய லிங்க்கைத் தட்டித்தான் வருகிறார். அழைத்தவரின் சர்வர் எது என்பது அந்த லிங்க்கிலேயே இருக்கிறது. அங்கேயே கணக்கைத் திறந்து, நேராக அந்த குரூப்புக்குள் இறக்கிவிடுங்கள். பெயர் ஒன்றைக் கேட்டால் போதும். படம், இமெயில், இரண்டடுக்குப் பாதுகாப்பு எல்லாம் அவர் முதல் 'வணக்கம்' போட்ட பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

சாவிக்கொத்தை ஆள் தலையில் கட்டுவது

ஓபன் சோர்ஸ் செயலிகள் அதிகம் பேரை இழப்பது என்கிரிப்ஷனில் அல்ல, பூட்டிய செய்தியைத் திறக்கும் சாவிகளை யார் பார்த்துக்கொள்வது என்பதில். மேட்ரிக்ஸின் முக்கியச் செயலியான எலிமென்ட்டை எடுத்துக்கொள்வோம். 2020 மே மாதத்திலிருந்து அதில் புதிய தனி உரையாடல்கள் எல்லாம் தானாகவே என்கிரிப்ட் ஆகின்றன. நல்ல முடிவுதான். ஆனால் அதோடு ஒரு மீட்புச் சாவியும் வந்தது. நான்கு நான்காகப் பிரித்த 48 எழுத்துகள், பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் எண்ணும் கலந்தவை. 'இதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்' என்கிறது திரை. எங்கே? சங்கத்தின் பொருளாளர் அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து கேலரியில் விட்டுவிடுவார், இல்லையென்றால் 'பிறகு' என்பதைத் தட்டுவார். ஒரு வருடம் கழித்து போன் ஆட்டோவில் தவறிப் போகும். ஸ்க்ரீன்ஷாட்டும் அதோடு போயிருக்கும்.

புது போனில் நுழைந்தால் குரூப் இருக்கிறது, பெயர்கள் இருக்கின்றன, செய்தி இருந்த இடத்தில் எல்லாம் 'இதைத் திறக்க முடியவில்லை' என்று வரிசையாகச் சாம்பல் நிறக் கட்டங்கள். கணிதப்படி இது முற்றிலும் சரியான நடத்தை. பொருளாளருக்கோ, பராமரிப்புக் கட்டணம் யார் கட்டினார்கள் என்ற கணக்கு போய்விட்டது.

அதே செயலியில், மறுமுனையில் இருப்பது நிஜமாகவே அந்த ஆள்தானா என்று சரிபார்க்க இன்னொரு சடங்கும் உண்டு. இரண்டு போன்களில் ஏழு படங்கள் தோன்றும். நாய், பூனை, சிங்கம், யானை என்று 64 படங்கள் கொண்ட தொகுப்பிலிருந்து வருபவை. இரு பக்கமும் ஒரே வரிசையில் இருக்கிறதா என்று ஒப்பிட வேண்டும். வேறு செயலிகள் இதற்காகக் காட்டும் அறுபது இலக்க எண்ணைப் படிப்பதைவிட இது எவ்வளவோ மேல், பாராட்டத்தான் வேண்டும். தவறு அதைக் கேட்கும் நேரத்தில் இருக்கிறது. அவசரமாகத் தண்ணீர் லாரி பற்றிக் கேட்க வந்தவரிடம் யானையைக் காட்டி 'பொருந்துகிறதா?' என்றால் அவர் படிக்காமலே 'ஆம்' என்பார். பார்க்காமல் சொன்ன 'ஆம்' கேட்காததைவிட மோசமான பாதுகாப்பு, ஏனென்றால் அதற்கப்புறம் செயலி பச்சை டிக் போட்டுக் காட்டுகிறது.

வாட்ஸ்ஆப் இங்கே எடுத்த முடிவு பாதுகாப்பு வல்லுநர்களுக்குப் பிடிக்காத ஒன்று. மறுமுனையின் சாவி மாறினால் அறிவிக்கும் வசதி அதில் இருக்கிறது, ஆனால் நாமே போய் ஆன் செய்ய வேண்டும். அவ்வளவு தூரம் போகச் சொல்லவில்லை. மாறியது என்று ஒரு வரி காட்டிவிட்டு வேலையைத் தொடர விடலாம். சரிபார்ப்பு நிஜமாகவே தேவைப்படுகிறவர்கள், பத்திரிகையாளரோ வழக்கறிஞரோ, தேடிப் போய்ச் செய்துகொள்வார்கள்.

பேக்கப்பை 'பிறகு பார்க்கலாம்' பட்டியலில் வைப்பதும் இதே ரகம்தான். சிக்னலிலேயே, போன் தொலைந்தாலும் செய்திகளை மீட்கும் ஆன்லைன் பேக்கப் 2025-இல்தான் வந்தது. சாதாரண மனிதருக்கு 'யாரோ ஒட்டுக்கேட்பார்கள்' என்பது எப்போதோ வரும் பயம், 'போன் போய்விடும்' என்பது இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை நிஜமாக நடப்பது. வடிவமைப்பில் இரண்டுக்கும் குறைந்தது சமமான இடமாவது கொடுங்கள்.

கூகுளோடு கோபம், போன் ஒலிக்காது

செய்தி வந்து இருபது நிமிடம் கழித்து போன் ஒலித்தால், மக்கள் பார்வையில் அந்தச் செயலி 'வேலை செய்யவில்லை'. அதற்கு மேல் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். ஆண்ட்ராய்டில் செய்தி வந்ததைச் சொல்ல கூகுளின் புஷ் சேவை இருக்கிறது. கூகுளே வேண்டாம் என்பவர்கள் செயலியைப் பின்னணியில் விழித்தபடி வைத்திருக்கிறார்கள். கொள்கையளவில் அழகு. ஆனால் பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று பின்னணிச் செயலிகளைக் கொன்று போடும் போன்கள்தான் நம் கடைகளில் அதிகம் விற்கின்றன. ஐபோனில் இந்தச் சண்டைக்கே இடமில்லை, ஆப்பிள் வழியாகத்தான் போயாக வேண்டும்.

சிக்னல் கடைப்பிடிக்கும் வழி எனக்குச் சரியாகப் படுகிறது. கூகுள் வழியே 'எழுந்திரு' என்ற வெற்றுச் சைகை மட்டும் போகும். யார் அனுப்பியது, என்ன செய்தி என்பதைச் செயலி விழித்தெழுந்து நேராகத் தன் சர்வரிடம் வாங்கிக்கொள்ளும். கூகுள் அறவே கூடாது என்பவருக்கு யூனிஃபைட்புஷ் மாதிரி மாற்று வழியை அமைப்புகளில் வைத்துவிடலாம்.

போன் நம்பர் விவகாரம்

இதில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. நம்பரே வேண்டாம் என்று தூக்கியெறிந்தால், நடுவில் ஒரு முக்காற்புள்ளி போட்ட நீளமான மேட்ரிக்ஸ் முகவரியை ஒருவருக்கொருவர் போனில் எழுத்துக்கூட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம்பரை மட்டுமே அடையாளமாக வைத்தால், நூறு பேர் குரூப்பில் சேர்ந்த பெண்ணின் நம்பர் முன்பின் தெரியாத தொண்ணூறு பேர் கைக்குப் போகிறது. இரவு பதினொரு மணிக்கு 'ஹாய்' வந்த பெண்களைக் கேட்டால் இது சின்ன விஷயம் இல்லை என்று சொல்வார்கள். சிக்னல் 2024-இல் யூசர்நேமைக் கொண்டுவந்து, நம்பரை மற்றவருக்குக் காட்டாமலிருப்பதையே இயல்பு நிலையாக்கியது. கணக்குத் திறக்க நம்பர், குரூப்பில் தெரிவது பெயர் மட்டும், அறிமுகத்துக்கு லிங்க் அல்லது கியூஆர் கோடு. இந்த ஏற்பாட்டை முதல் பதிப்பிலேயே செய்தால் பின்னால் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டாம்.

அட்மின் இல்லாத குரூப்

மேட்ரிக்ஸில் அட்மினின் அதிகாரம் 100 என்ற எண், மாடரேட்டருக்கு 50, மற்றவர்களுக்கு 0. மாடரேட்டரும் இல்லாமல் ஒரே அட்மின் இருக்கும் குரூப்பில் அவர் வெளியேறினாலோ பாஸ்வேர்டு மறந்தாலோ அந்த 100 வேறு யாருக்கும் தானாகப் போகாது. குரூப் இருக்கும், பேசலாம், ஆனால் தொல்லை தருபவரை நீக்க ஆள் இருக்காது. வாட்ஸ்ஆப்பில் கடைசி அட்மின் வெளியேறினால் உறுப்பினர்களில் ஒருவர் தானாக அட்மின் ஆகிவிடுவார். கோட்பாட்டில் கொஞ்சம் அசட்டுத்தனம்தான். நடைமுறையில் குரூப் பிழைத்துக்கொள்கிறது. சங்கங்களில் செயலாளர் மாறிக்கொண்டே இருப்பார், பழைய செயலாளர் கோபித்துக்கொண்டும் போவார். குரூப் தொடங்கும்போதே இரண்டாவது அட்மினைக் கேட்டு வாங்குங்கள்.

நமக்குப் பிடித்ததை முதலில் செய்வது

வாய்ஸ் மெசேஜ் வாட்ஸ்ஆப்பில் 2013-இல் வந்தது, எலிமென்ட்டில் 2021-இல். தமிழில் டைப் செய்யச் சோம்பல்படும் கோடிக்கணக்கானவர்களுக்குக் குரல்தான் கீபோர்டு. அந்த எட்டு வருடத்தில் புரோகிராமர்களுக்குத் தேவையான, நிரலைக் காட்டும் கட்டம், குறிகளால் எழுத்தை வடிவமைக்கும் மார்க்டவுன், மற்ற சேவைகளோடு இணைக்கும் பாலங்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. எழுதுகிறவர் தன் தேவையை முதலில் எழுதிக்கொள்வது இயல்பு, குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பிறகு கூட்டம் வரவில்லை என்று புலம்பக் கூடாது.

ஜூலிப்பை இங்கே சொல்ல வேண்டும். ஒவ்வொரு உரையாடலுக்கும் ஒரு தலைப்பு வைக்கும் அதன் முறை, வேலை செய்யும் குழுக்களுக்கு நான் பார்த்ததிலேயே சிறந்த வடிவமைப்பு. அதையே குடும்ப குரூப்பில் வைத்தால், பேரன் படம் போட வந்த தாத்தாவிடம் 'தலைப்பு என்ன?' என்று கேட்டது போலாகும். ஒரே செயலி இருவருக்கும் பொருந்த வேண்டும் என்ற கட்டாயமில்லை. யாருக்கு என்பதை முதலில் முடிவு செய்துவிடுங்கள்.

தமிழில் சோதிக்காமல் விடுவதும் இந்த வகைதான். ஐஆர்சியில் ஒரு வரிக்கு 512 பைட், அதில் வரி முடிவுக்கு 2 போய்விடும். 'தமிழ்' என்ற மூன்றெழுத்துச் சொல்லுக்கு எழுத்துகளைக் கம்ப்யூட்டரில் பதியும் யூடிஎஃப்-8 முறையில் 15 பைட். இடைவெளியே விடாமல் எழுதினாலும் அந்தச் சொல் ஒரு வரியில் 34 முறைக்கு மேல் போகாது, முகவரி விவரங்கள் கழிந்தால் அதுவும் இல்லை. வரி பாதி எழுத்தில் அறுந்து குப்பையாகத் தெரியும். ஐஆர்சி பழையது, விடுங்கள். இன்றைய செயலிகளிலும் நோட்டிஃபிகேஷனில் செய்தியைச் சுருக்கும்போது கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமாக வெட்டுப்படுவதைப் பார்க்கலாம். பைட்டையோ குறியீட்டையோ எண்ணாமல் கண்ணுக்குத் தெரியும் எழுத்தை எண்ணி வெட்டினால் தீர்ந்தது.

பெயரை மாற்றிக்கொண்டே இருப்பதும் வேண்டாம். எலிமென்ட் முதலில் வெக்டர், 2016-இல் ரயட், 2020-இல் எலிமென்ட், இப்போது அதன் பக்கத்தில் எலிமென்ட் எக்ஸ் என்று தனிச் செயலி. 'எதை இறக்குவது?' என்று குரூப்பில் ஒருவர் கேட்டால் மூன்று பதில் வரும்.

யார் காசில் ஓடுகிறது?

சர்வர் இலவசமாக ஓடாது. கணக்குத் திறக்கும் எஸ்எம்எஸ் ஓடிபிக்கு மட்டுமே ஆண்டுக்குச் சுமார் 60 லட்சம் டாலர் ஆகிறது என்று சிக்னல் 2023-இல் வெளிப்படையாகக் கணக்குக் காட்டியது. உங்கள் செயலி அந்த அளவுக்குப் போகாது, ஆனால் தன்னார்வலர் ஒருவரின் கிரெடிட் கார்டில் ஓடும் சர்வர் அவருக்கு வேலை மாறும் மாதத்தில் நின்றுவிடும். சர்வரை யார் நடத்துகிறார், பணம் எங்கிருந்து வருகிறது என்பதைச் செயலிக்குள்ளேயே எழுதிவையுங்கள்.

உரிமை யாருடையது என்பதும் அதே அளவு முக்கியம். 2021 மே மாதம் ஃப்ரீநோட் என்ற பெரிய ஐஆர்சி அமைப்பின் நிர்வாகத்தில் தகராறு முற்றி, அதை நடத்திவந்த தன்னார்வலர்கள் வெளியேறி லிபெரா சாட் தொடங்கினார்கள். ஏராளமான ஓபன் சோர்ஸ் திட்டங்கள் சில வாரங்களுக்குள் பின்னாலேயே போய்விட்டன. அவர்கள் புரோகிராமர்கள், செட்டிங்கில் முகவரியை மாற்றி எழுதத் தெரிந்தவர்கள். நாற்பது வீட்டு அபார்ட்மென்ட் சங்கம் அப்படிப் போகாது. அவர்களுக்கு உறுப்பினர்கள், பழைய செய்திகள், படங்களோடு குரூப்பை மொத்தமாக இன்னொரு சர்வருக்கு மாற்றும் ஒரே பொத்தான் வேண்டும். அதை அட்மின் தட்டினால் போதும், மற்ற முப்பத்தொன்பது பேரும் எதையும் தொடாமலே புது இடத்தில் இருக்க வேண்டும்.