புது மீனுக்குத் தனித் தொட்டி: வெள்ளைப்புள்ளி நின்ற விதம்

கடையில் வாங்கிய மோலி மீன்களை நேரே பெரிய தொட்டியில் விட்டதில்தான் வெள்ளைப்புள்ளி என்ற ஒட்டுண்ணி நோய் புகுந்தது. இப்போது எது வந்தாலும் 40 லிட்டர் தனித் தொட்டியில் நான்கு வாரம். மணல் வேண்டாம், ஒளிய ஒரு பிவிசி குழாய்த் துண்டு போதும். ஸ்பாஞ்ச் ஃபில்டரை மூன்று வாரம் முன்பே பெரிய தொட்டியில் ஓடவிட்டு எடுப்பேன். புது ஸ்பாஞ்சில் மீன் கழிவின் அம்மோனியாவை உடைக்கும் பாக்டீரியா இருக்காது, அந்த அம்மோனியாவே மீனைத் தீர்த்துவிடும்.

துடுப்பில் ரவை ஒட்டியதுபோல் தெரிந்தால் ஹீட்டரை நாளுக்கு 2 டிகிரி வீதம் 30 வரை ஏற்றி, லிட்டருக்கு 2 கிராம் கல் உப்பைக் கரைத்து ஊற்றுவேன். சூட்டில் ஆக்சிஜன் குறையும், காற்றுக் கல் கட்டாயம். புள்ளி மறைந்ததும் நிறுத்தக் கூடாது: தோலுக்கடியில் இருக்கும் ஒட்டுண்ணியை உப்பு தொடாது, வெளியே நீந்தும் ஒட்டுண்ணிக் குஞ்சுகளைத்தான் பிடிக்கும். ஆகவே கடைசிப் புள்ளிக்குப் பிறகும் பத்து நாள். தண்ணீர் மாற்றினால், மாற்றிய அளவுக்கு மட்டும் உப்பு. வலையும் சைபன் குழாயும் தனி. நோய் கடக்க ஓர் ஈர வலை போதும்.