வேன் அலமாரிக்குள் இன்வெர்ட்டர் வேகாமல் இருக்க

கத்திரியில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம்தான், ஆனால் வெயிலில் பூட்டி நிறுத்திய வேனுக்குள், அதுவும் கதவு மூடிய பிளைவுட் அலமாரிக்குள், சூடு அதைவிட ஏறும் என்பதை வேனை வீடாக மாற்றுகிறவர்கள் பலர் மறந்துவிடுகிறார்கள். 90 சதவீதத் திறனுள்ள இன்வெர்ட்டர்கூட 450 வாட் வெளியே கொடுக்கும்போது 50 வாட்டைச் சூடாக உள்ளேயே விடும். அந்தச் சூடு போக வழி வேண்டும்.

சூடான காற்று மேலே போகும். அதனால் அலமாரியின் ஒரு பக்கம் அடியில் துளைகள், எதிர்ப்பக்கம் மேலே துளைகள் போடுங்கள். மேலே 12 வோல்ட் கம்ப்யூட்டர் ஃபேனை, காற்றை வெளியே தள்ளும்படி மாட்டி, 45 டிகிரியில் தானாக ஓடும் தெர்மோஸ்டாட் சுவிட்ச் சேர்த்துவிட்டால் பேட்டரியும் வீணாகாது. கீழ்த்துளைக்குக் கொசுவலை அடியுங்கள், ஆனால் நம்ம ஊர்ப் புழுதிக்கு அது சீக்கிரம் அடைத்துவிடும், மாதம் ஒருமுறை தட்டியே ஆகணும். இன்வெர்ட்டரைச் சுற்றி ஒரு சாண் இடம் விடுங்கள், போர்வையை அங்கே திணிக்காதீர்கள்.

தண்ணீர் ஊற்றும் பேட்டரியை இதே பெட்டிக்குள் வைக்கவே கூடாது. சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், ஒரு பொறி போதும்.

வயர் முனைகளின் போல்ட்டும் முக்கியம், தளர்ந்திருந்தால் அதுவே சூடாகும்.

அப்புறம், ஏலகிரிக்குக் கிளம்பும் முன் வீட்டு வாசலிலேயே ஒரு மதியம் அலமாரிக்குள் தெர்மாமீட்டர் வைத்து, வழக்கமான லோடு போட்டு ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள்.